வருமுன் உரைத்தல்: வரைகலை அட்டைகளும் அளவை நெறியும்

முன்னுரை

வரவிருப்பதை முன்கூட்டியே அறிய விழைவது மாந்தர் இயல்பு. உழவர் வானை நோக்கி மழையை மதிப்பிடுவது போன்று, கணிப்பொறியில் ஈடுபாடு கொண்டோர் அடுத்த தலைமுறை வரைகலை அட்டை எத்தகையதாய் அமையும் என ஊகித்த வண்ணம் உள்ளனர். மக்கள் 'கிராபிக்ஸ் கார்டு' என வழங்கும் இவ்வட்டை, கணிப்பொறித் திரையில் தோன்றும் உருவங்களைக் கணக்கிட்டு வரைந்து தருவதாகும். ஒளியும் நிழலும் அசைவும் நிறைந்த ஒரு காட்சியில் நொடிதோறும் கோடிக்கணக்கான புள்ளிகளின் நிறத்தைக் கணிக்க வேண்டியிருத்தலின், ஆயிரக்கணக்கான சிறு கணக்கீட்டு அலகுகள் ஒருங்கே இயங்குமாறு இதன் சில்லு அமைக்கப்படுகிறது. விளையாட்டு, திரைப்படத் தொகுப்பு, செயற்கை நுண்ணறிவு ஆகிய துறைகளுக்கு இஃது இன்றியமையாததாயிற்று.

இதன் விலை சிறிதன்று. தந்தையின் உழைப்பில் சேர்ந்த பொருளைக் கொண்டு கணிப்பொறி வாங்க முற்படும் மாணவன், "இப்போதே வாங்குவதா, அடுத்த தலைமுறைக்குக் காத்திருப்பதா?" எனத் தயங்குகிறான். அவன் செவியில் விழுவனவெல்லாம் ஊகங்களே. அவற்றுள் எதனைக் கொள்வது, எதனைத் தள்ளுவது? நம் தருக்க நூலோர் அறிவு பெறும் வாயில்களைக் காண்டல், கருதல், உரை என வகுத்துள்ளனர். கண்டு அறிவது காண்டல். அறிந்த ஒன்றைக் கொண்டு அறியாததை உய்த்துணர்வது கருதல். பிறர் சொல்லை ஏற்று அறிவது உரை. இம்மூன்றையும் கொண்டு இச்செய்திகளை ஆராய்வோம்.

உரை

ஊகச் செய்திகளுள் பெரும்பகுதி உரையின்பாற் படுவதே. இவற்றுக்கு அடிப்படை இல்லாமல் இல்லை. என்விடியா, ஏஎம்டி போன்ற நிறுவனங்கள் சில்லினை வடிவமைக்கின்றன. அதனைச் சார்ந்த அட்டைகளைப் பிற நிறுவனங்களும் உருவாக்கி விற்கின்றன. குளிர்விக்கும் விசிறியின் அளவு, மின் இணைப்பு முதலியவற்றை அவை முன்னரே அறிந்தாக வேண்டும். எனவே செய்தி பல கைகள் மாறிப் புறத்தே கசிகிறது. 2010களின் நடுவில், இந்திய இறக்குமதிப் பதிவுகளில் காணப்பட்ட சோதனை அட்டைகளின் குறியீடுகளைக் கொண்டுகூட ஊகங்கள் எழுந்தன.

ஆயினும் அடிப்படை மெய்யாய் இருப்பதால் முடிவும் மெய்யாகிவிடாது. என்விடியாவின் 10 வரிசை 2016ஆம் ஆண்டில் வெளிவந்தது. அடுத்து வருவது 1180 என்றே பலரும் உரைத்தனர். 2018 ஆகஸ்டு 20 அன்று ஜெர்மனியின் கொலோன் நகரில் அறிவிக்கப்பட்டதோ ஆர்.டி.எக்ஸ். 2080 ஆகும். 2022ஆம் ஆண்டு ஆர்.டி.எக்ஸ். 4090 அட்டைக்கு 600 வாட் மின்சாரம் வேண்டும் எனப் பல மாதங்கள் பேசப்பட்டது; வெளிவந்த அட்டையின் அளவு 450 வாட்.

எண் சரியாயிருந்தும் பொருள் மாறிய நிகழ்ச்சியும் உண்டு. 2020ஆம் ஆண்டில் ஆர்.டி.எக்ஸ். 3090 அட்டையில் 5248 கணக்கீட்டு அலகுகள் இருக்கும் என்ற செய்தி கசிந்தது. செப்டம்பர் 1 அன்று அறிவிக்கப்பட்ட எண்ணிக்கை 10496, சரியாக இருமடங்கு. முன்னைத் தலைமுறையில் முழு எண் கணக்குகளுக்கு மட்டுமே இருந்த பாதை, புதிய அமைப்பில் பதின்மக் கணக்குகளையும் செய்யுமாறு விரிவாக்கப்பட்டது. அதனால் எண்ணும் முறையே மாறிவிட்டது. அலகு இருமடங்கானமையால் வேகமும் இருமடங்காகும் என நம்பினோர் ஏமாந்தனர். அப்பாதை முழு எண் கணக்குகளைச் செய்யும் பொழுதில் பதின்மக் கணக்குகளைச் செய்ய இயலாது என்பதே காரணம்.

நிறுவனத்தார் தம் வாயால் சொல்வதும் உரையே அன்றிக் காட்சி ஆகாது. 2025 சனவரி 6 அன்று லாஸ் வேகாஸ் நகரில் என்விடியா தலைவர் ஜென்சன் ஹுவாங், 549 டாலர் விலையுள்ள ஆர்.டி.எக்ஸ். 5070, முந்தைய 4090 அட்டையின் திறனைத் தரும் என அறிவித்தார். வரையப்பட்ட ஒரு படத்திற்கு மூன்று படங்களைச் செயற்கை நுண்ணறிவால் உருவாக்கி இடைச்செருகும் முறையை நம்பிய கூற்று அது. அம்முறையை நீக்கிச் சோதித்தபோது புதிய அட்டை 4090க்கு வெகுவாகப் பின்தங்கியது. மேலும், 2022 செப்டம்பர் 20 அன்று 899 டாலருக்கு அறிவிக்கப்பட்ட 12 ஜிகாபைட் 4080 அட்டையை அந்நிறுவனமே அக்டோபர் 14 அன்று திரும்பப் பெற்றுக்கொண்டது. 2023 சனவரியில் அது 4070 டிஐ என்னும் பெயரில் 799 டாலருக்கு வந்தது.

கருதல்

உரையினும் உறுதியுடையது கருதல். சில்லுத் தயாரிப்பு முறையை முதற்கண் நோக்குவோம். 3090 அட்டையின் சில்லு சாம்சங் நிறுவனத்தின் 8 நானோமீட்டர் முறையில் உருவானது. அதில் 2830 கோடி டிரான்சிஸ்டர்கள் அடங்கின. 4090 அட்டையின் சில்லு தைவானின் டிஎஸ்எம்சி நிறுவனத்தில் மேலும் நுண்ணிய முறையில் உருவானது. பரப்பளவு ஏறத்தாழ முன்னையதை ஒத்திருந்தும், டிரான்சிஸ்டர்கள் 7630 கோடியாயின. அத்தலைமுறையின் பெரும் பாய்ச்சலுக்கு இதுவே அடிப்படை. அடுத்த தலைமுறையான 50 வரிசைக்குத் தயாரிப்பு முறை பெரிதும் மாறவில்லை. ஆகவே 4080 அட்டையின் சில்லில் 4590 கோடியாக இருந்த டிரான்சிஸ்டர்கள், 5080 அட்டையின் சில்லில் 4560 கோடியாகவே நின்றன. 5090 அட்டையோ சில்லின் பரப்பைப் பெருக்கியும், மின்தேவையை 575 வாட்டாக உயர்த்தியுமே முன்னேற்றம் கண்டது. தயாரிப்பு முறை மாறாவிடில் பெரும் பாய்ச்சல் அரிது என்று கருதியோர் பிழைபடவில்லை.

நினைவகத்தின் அளவையும் எளிய கணக்கால் உய்த்துணரலாம். நினைவகச் சில்லு ஒவ்வொன்றும் 32 பிட் அகலமுள்ள பாதையால் இணைகிறது. 512 பிட் பாதை எனில் 16 சில்லுகள். ஒவ்வொன்றும் 2 ஜிகாபைட் எனில் மொத்தம் 32 ஜிகாபைட். 5090 அட்டையின் நினைவகம் இதுவே. 3 ஜிகாபைட் சில்லுகள் கிடைக்கத் தொடங்கியதும், மடிக்கணிப்பொறிக்குரிய 5090இல் 256 பிட் பாதையிலேயே 24 ஜிகாபைட் அமைக்க இயன்றது. இவ்வாறு எட்டு சில்லுகளைக் கொண்டு 24 பெறும் வழி திறந்திருத்தலின், வரும் தலைமுறையின் நடுத்தர அட்டைகளிலும் நினைவகம் பெருகக்கூடும் என்பது நியாயமான கருத்தாகும்.

விலையை மட்டும் இவ்வாறு உய்த்துணர இயலாது. தயாரிப்புச் செலவு, போட்டியாளர் விலை, பழைய இருப்பு ஆகியவற்றை எடைபோட்டு அறிவிப்பு வரையில் மாற்றப்படக்கூடியது அது.

காண்டல்

இறுதியில் நிற்பது காண்டலே. நிறுவனம் சாராதோர் அட்டையை இயக்கிச் சோதித்த முடிவும், கடையில் உண்மையாகக் கேட்கப்படும் விலையும் காட்சியாகும். 2020ஆம் ஆண்டின் அனுபவம் இவ்விடத்து நினைவுகூரத்தக்கது. அவ்வாண்டின் நடுவில் 1199 டாலர் கொடுத்து 2080 டிஐ வாங்கியோர், ஏறத்தாழ அதே திறனுடைய 3070 சில திங்களில் 499 டாலருக்கு அறிவிக்கப்பட்டதைக் கண்டு வருந்தினர். காத்திருந்தோர் நிலையும் நன்றாய் இல்லை. பெருந்தொற்றுக் காலத் தட்டுப்பாட்டாலும், எத்தீரியம் என்னும் மின்னணு நாணயத்தை ஈட்ட அட்டைகளை வாங்கிக் குவித்தோராலும், அறிவித்த விலையில் அட்டை கிடைக்காமல் ஓராண்டுக்கு மேல் அவதியுற்றனர். விரைந்தோரும் இழந்தனர்; காத்தோரும் இழந்தனர். இரு சாராரும் உரையைக் காட்சியாகக் கொண்டதே அவர்தம் பிழை.

முடிவுரை

ஊகம் இழிந்ததன்று; அளவையறிந்து கையாளப்படும் ஊகமே ஆராய்ச்சியின் தொடக்கம். ஆகவே அடுத்த தலைமுறை பற்றிய செய்தி வருங்கால், சொன்னவர் எங்கிருந்து பெற்றார் எனக் கேட்போம். தயாரிப்பு முறையும் நினைவகச் சில்லும் அதற்கு இடந்தருகின்றனவா எனக் கணக்கிடுவோம். விலை, பெயர், வெளியீட்டு நாள் பற்றிய சொற்களை அறிவிப்பு வரும் வரையில் ஒதுக்கி வைப்போம்.

கைப்பொறுப்பில் உள்ள பணிக்கு அட்டை இன்றே தேவையெனில், இன்று சோதிக்கப்பட்டவற்றுள் தம் பொருளுக்கு இசைந்ததை மாணவர் வாங்குக. உள்ள கணிப்பொறி பணிக்குப் போதுமெனில், புதியதன் சோதனை முடிவுகளும் கடை விலையும் தெரியும் வரையில் பொறுத்திருக்க. அறிவிப்பு நாளன்றே முன்பணம் செலுத்த வேண்டா. தந்தையார் சேர்த்த பொருள் வீணாகாமல் காக்க இவ்வளவு பொறுமை போதும்.