மின்தடையும் வெளிவாரி வன்தட்டும்: தரவுகளை மீட்டெடுத்தல்

2025 பெப்ரவரி 09 ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை முற்பகல், இலங்கை முழுவதும் மின்சாரம் தடைப்பட்டது. பாணந்துறை உபமின்நிலையத்தில் குரங்கொன்று பட்டதே காரணம் என்று கூறப்பட்டதால் பலர் அதைச் சிரிப்போடு நினைவுகூருவர். ஆனால் அவ்வேளையில் மேசைக் கணினியிலிருந்து வெளிவாரி வன்தட்டுக்குக் கோப்புகளைப் பிரதி செய்துகொண்டிருந்தவர்களுக்குச் சிரிப்பு வந்திராது.

மின்சாரம் திரும்பியதும் வன்தட்டை இணைத்தால், "இத்தட்டைப் பயன்படுத்து முன்னர் வடிவமைக்க வேண்டும்" என்ற செய்தி திரையில் தோன்றலாம். உங்கள் கோப்புகள் அழிந்துவிட்டன என்பது இதன் பொருளன்று. எனவே "வடிவமை" என்பதை அழுத்தாதீர்கள்.

காரணத்தைப் பார்ப்போம். பாடசாலை நூலகத்தை எண்ணிப் பாருங்கள். புத்தகங்கள் இறாக்கையில் இருக்கின்றன. எது எங்கே இருக்கிறது என்பதைப் பட்டியல் அட்டைகள் கூறுகின்றன. வன்தட்டிலும் அவ்வாறே தரவுகள் ஓரிடத்திலும், அவற்றின் பெயர், இடம் என்பன கோப்பு அட்டவணையிலும் எழுதப்படுகின்றன. இரண்டும் ஒரே கணத்தில் எழுதப்படுவதில்லை. இடையில் மின் நின்றால் அட்டவணை பாதியில் நிற்கும். அதாவது அட்டை கிழிந்துவிட்டது; புத்தகம் இறாக்கையில்தான் இருக்கிறது. அன்றியும், பிரதி முடிந்ததாகத் திரை காட்டினாலும் கடைசிப் பகுதி இன்னமும் அழிதகு நினைவகத்தில் காத்திருக்கக்கூடும். மின் நின்றால் அப்பகுதி போய்விடும். அதை மீட்க வழியில்லை. மின்தடையின் பின் தப்பியிருப்பது தட்டில் ஏற்கெனவே எழுதப்பட்டதே.

முதலில் வன்தட்டின் உடல்நிலையைக் கவனியுங்கள். 3.5 அங்குல வெளிவாரி வன்தட்டுக்கு 12 வோல்ற்றுத் தனி மின்வழங்கி உண்டு. மின் திரும்பும்போது ஏற்படும் மிகையழுத்தத்தால் அது மட்டும் கருகி, தட்டு நலமாக இருக்கலாம். அதே வோல்ற்றளவும் முனைவும் கொண்ட, ஓட்டம் குறையாத வேறொன்றைப் பொருத்திப் பார்க்கலாம். தட்டு "டிக், டிக்" என ஒலித்தால் உடனே கழற்றிவிடுங்கள். அது எழுது முனையின் கோளாறாக இருக்கலாம், மென்பொருளால் சரிவராது. மூடியைத் திறக்கவும் வேண்டாம், ஒரு தூசியே போதும் தட்டைக் கீறுவதற்கு. குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் சரியாகும் என்பார் சிலர். நம்ப வேண்டாம்.

தட்டு வழமைபோற் சுழன்றால் நம்பிக்கை உண்டு. ஆனால் அதில் எதையும் எழுதக்கூடாது. விண்டோசின் தட்டுச் சோதனைக் கட்டளையும் திருத்தும்போது தட்டில் எழுதுகிறது. ஆகவே முதலில் அதை இயக்காதீர்கள். ரெஸ்ற்டிஸ்க் என்னும் இலவச மென்பொருளைக் கணினியின் சொந்த வன்தட்டிலிருந்து இயக்கி, கிடைக்கும் கோப்புகளை வேறொரு தட்டில் சேமியுங்கள். அட்டவணை முற்றாகச் சிதைந்திருந்தால் அதனோடு வரும் போட்டோறெக் உதவும். இது அட்டவணையைப் பாராது. பல வகைக் கோப்புகள் தமக்கேயுரிய பைற்றுகளுடன் தொடங்குவதால் அத்தொடக்கங்களைத் தட்டு முழுவதும் தேடும். கோப்புகள் பழைய பெயரின்றி எண்களோடு வரும். ஆயிரம் படங்களைத் திறந்து பார்ப்பதற்குப் பொறுமை வேண்டும்.

2022 இல் நீண்ட மின்வெட்டுகள் நிலவிய காலத்தில் என் மாணவன் ஒருவனுக்கு இச்செய்தி தோன்றியது. அவன் வடிவமைத்தான். விரைவு வடிவமைப்பு புதிய வெற்று அட்டவணையை மட்டுமே இடும், அப்போதும் மீட்டிருக்கலாம். பின்னர் தட்டு வேலை செய்கிறதா என்று பார்க்கச் சில திரைப்படங்களைப் பிரதி செய்தான். அக்காவின் கலியாணப் படங்கள் இருந்த இடத்தில் அத்திரைப்படங்கள் எழுதப்பட்டுவிட்டன. பாதிப் படங்களே திரும்பி வந்தன. (விண்டோஸ் விஸ்ரா முதலாக முழு வடிவமைப்பு தட்டெங்கும் பூச்சியங்களை எழுதுகிறது. அதன்பின் மீட்பே இல்லை.)

இன்னொன்று. பலர் வெட்டி ஒட்டிவிட்டு "காப்புப் பிரதி எடுத்தேன்" என்கின்றனர். அப்போதும் ஒரு பிரதிதான் உள்ளது, இடம் மட்டுமே மாறியிருக்கிறது. வெட்டாமல் பிரதி செய்யுங்கள். தடையில்லா மின்வழங்கி சில நிமிடங்களே தரும். அது வேலையைத் தொடர்வதற்கன்று, சேமித்து மூடுவதற்கு.

பயிற்சி வினா: மின்தடையின் பின் வன்தட்டொன்றிலிருந்து மீட்கும் கோப்புகளை அதே வன்தட்டில் சேமிக்கலாகாது. ஏன்? (2 புள்ளிகள்)