காரணம் தெரியாத காய்ச்சலும் ஒரு புட்டிச் சிறுநீரும்

நெய்வேலிப் பக்கம் கிட்னி என்று பேச்செடுத்தால், "இந்தத் தண்ணீர்தான் காரணமோ?" என்று கேட்காதவர் குறைவு. கேள்வியில் தப்பில்லை. பழுப்பு நிலக்கரியை வெட்டுவதற்காக அதன் அடியில் அழுத்தத்தோடு நிற்கும் ஊற்றுநீரை இரவு பகலாக இறைக்கும் ஊர் இது. டான்யூபின் துணை நதிகளின் கரைக் கிராமங்களில் 1950களில் வெளிச்சத்துக்கு வந்த ஒரு சிறுநீரக நோய்க்கும் பழுப்பு நிலக்கரிப் படுகை வழியாக ஊறிவந்த கிணற்று நீரே காரணம் என்று சில விஞ்ஞானிகள் சந்தேகித்தார்கள். கடைசியில் மாட்டிக்கொண்டது கோதுமை வயலில் களையாக முளைத்து மாவோடு கலந்த ஒரு செடி. நம் ஆடுதின்னாப்பாளைக்கு அது நெருங்கிய உறவு. சிறுநீரகத்தைக் கெடுக்கும் அதே அரிஸ்டோலோகிக் அமிலம் இதிலும் உண்டு. பூச்சி மருந்தென்று குழந்தைக்கு இதை அரைத்துக் கொடுக்கும் வீடுகள் இன்றோடு நிறுத்திவிடலாம்.

தண்ணீரின் தரத்தைத் தனியாகக் கேட்டுத்தான் ஆக வேண்டும். ஆனால் குழந்தைகளின் சிறுநீரகத்தில் தழும்பு விழ வழிசெய்யும் முக்கியக் கோளாறு ஒன்று பிறவியிலேயே வருவது.

மேலேறும் சிறுநீர்

சிறுநீரகத்திலிருந்து இறங்கும் குழாய், சிறுநீர்ப்பையின் சுவருக்குள் கொஞ்ச தூரம் சாய்வாக ஓடிய பிறகே உள்ளே திறக்கிறது. பை நிரம்பும்போது அந்தச் சாய்ந்த பகுதி நசுங்கி மூடிக்கொள்ளும். அது குட்டையாக இருந்தால் சரியாக மூடாது. சிறுநீர் மேலே ஏறும். இந்த எதிரோட்டத்தை 1 முதல் 5 வரை தரம் பிரிக்கிறார்கள். 1, 2 பெரும்பாலும் குழந்தை வளர வளரத் தானாகவே சரியாகிவிடும். காய்ச்சலோடு சிறுநீர்த் தொற்று வந்த குழந்தைகளைச் சோதித்தால் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு இது இருக்கிறது.

சுத்தமான சிறுநீர் கொஞ்சம் மேலேறினால் பெரும்பாலும் கெடுதல் இல்லை. ஈ.கோலை போன்ற கிருமியும் கூடவே ஏறும்போதுதான் சிறுநீரகம் வீங்கிப் புண்ணாகிறது. ஆறிய இடத்தில் தழும்பு. அந்த இடம் இனி வேலை செய்யாது.

முதலில் புட்டி, பிறகு மருந்து

சளியில்லை, இருமலில்லை, காய்ச்சல் மட்டும் கொதிக்கிறது. பால் குடிக்கவில்லை, வாந்தி. சிறுநீர்த் தொற்றாக இருக்கலாம். கைக்குழந்தைக்கு "எரியுது" என்று சொல்லத் தெரியாது. கடையில் கேட்டு வாங்கிய ஆன்டிபயாடிக் இரண்டு வேளை உள்ளே போனதும் காய்ச்சல் இறங்கிவிடும், வீட்டில் நிம்மதி. பிறகு எடுக்கும் சிறுநீர்க் கல்ச்சரில் கிருமியும் முளைக்காது. காய்ச்சல் எதனால் வந்தது என்பது கடைசிவரை தெரியாமலே போகும். என் பார்வையில் இந்த நோயில் நடக்கிற பெரிய நஷ்டம் இதுதான். சிகிச்சையை இரண்டு மூன்று நாள் தள்ளிப்போட்டாலும் தழும்பு விழும் வாய்ப்பு கூடும். ஆகவே மருந்துக்கு முன் சிறுநீர் எடுக்க வேண்டும். எடுத்த கையோடு, ரிசல்ட் வரும்வரை காத்திராமல், டாக்டர் சொல்லும் மருந்தைத் தொடங்க வேண்டும்.

ஒட்டுப் பையில் பிடித்தால் தோலிலுள்ள கிருமியும் சேர்ந்துவிடும். கழுவித் துடைத்துவிட்டு, போகிற போக்கில் நடுச் சிறுநீரை லேப் கொடுத்த புட்டியில் பிடிப்பதே மேல். குளிர்ந்த நீரில் நனைத்த துணியால் கைக்குழந்தையின் அடிவயிற்றை வட்டமாகத் தடவிக்கொடுத்தால் சீக்கிரம் போகும்; மெல்போர்ன் டாக்டர்கள் இதைச் சோதித்து 2017இல் எழுதியிருக்கிறார்கள். புட்டி ஒரு மணி நேரத்துக்குள் லேபுக்குப் போகாதென்றால் ஃபிரிட்ஜில் வையுங்கள்.

சோதனையும் சிகிச்சையும்

தொற்று உறுதியானால் முதலில் வயிற்று ஸ்கேன். தேவைப்பட்டால் சிறுநீர்ப்பையில் மருந்து ஏற்றி எடுக்கும் எக்ஸ்ரே. தழும்பைக் காட்டுவது டி.எம்.எஸ்.ஏ. ஸ்கேன், தொற்று ஆறிச் சில மாதம் கழித்து எடுப்பது வழக்கம். டவுன்ஷிப்பில் என்.எல்.சி. மருத்துவமனை உண்டு, ஒப்பந்தத் தொழிலாளர் வீடுகளுக்கும் சுற்றுக் கிராமங்களுக்கும் சிதம்பரத்தில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. பெரிய சோதனைகளுக்கு ஜிப்மர்.

சில குழந்தைகளுக்குத் தினமும் இரவில் சிறு அளவு ஆன்டிபயாடிக் தருவார்கள். அமெரிக்காவில் 607 குழந்தைகளிடம் நடந்து 2014இல் வெளியான ஆய்வில், இதனால் தொற்று திரும்புவது பாதியாகக் குறைந்தது. தழும்பு மட்டும் குறையவில்லை. ஆகவே எல்லாருக்கும் வேண்டுமா என்பதை டாக்டரோடு பேசித்தான் முடிவுசெய்ய வேண்டும். அறுவை சிகிச்சை சிலருக்கே.

மலச்சிக்கலை யாரும் இதோடு சேர்த்து நினைப்பதில்லை. இறுகிய மலம் சிறுநீர்ப்பையை அழுத்தும். சிறுநீர் முழுதாக வெளியேறாமல் தங்கித் தொற்று திரும்பத் திரும்ப வரும். பள்ளிக் கழிப்பறை நாறுகிறதென்று தண்ணீரே குடிக்காமல் மாலைவரை அடக்கிவைக்கும் பெண் பிள்ளைகளுக்கும் இதே கதி.

இருபது வயதில்

தழும்பு வலிக்காது. பலருக்கு அது தெரியவருவது அப்ரண்டிஸ் சேர்க்கைக்கோ வேலைக்கோ போகும் மெடிக்கலில்தான்: பி.பி. அதிகம், சிறுநீரில் புரதம். "டென்ஷனாக இருக்கும்" என்று சொல்லி மறுபடி அளந்து விட்டுவிடாமல், சிறுவயதில் காரணம் தெரியாத காய்ச்சல் அடிக்கடி வந்ததா என்று அம்மாவிடம் கேட்க வேண்டும். தழும்புள்ளவர்கள் வருஷம் ஒரு தடவையாவது பி.பி.யும் சிறுநீர்ப் புரதமும் பார்க்க வேண்டும். வலி மாத்திரைகளைத் தாங்களாக வாங்கிப் போடக் கூடாது. பெண்கள் கர்ப்பமானால் முதல் செக்கப்பிலேயே இதைச் சொல்லிவிட வேண்டும், அப்போது பி.பி. ஏறும் அபாயம் அதிகம். எதிரோட்டம் உள்ள குழந்தையின் உடன்பிறந்தவர்களில் ஏறக்குறைய நாலில் ஒருவருக்கு அது இருக்கலாம். தம்பிக்கோ தங்கைக்கோ காய்ச்சல் வந்தால் இதையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.