கைவலு குறைந்தோருக்கான சங்கிலி வாள்

கைவலு குறைந்தோருக்கான சங்கிலி வாள் என்பது, பிடிவலு குறைந்த ஒருவர் மரக்கிளைகளை அறுக்கத் தேர்ந்துகொள்ளத்தக்க, எடை குறைந்த சங்கிலி வாளைக் (செயின் சா) குறிக்கும். முதுமை, முடக்கு வாதம், மணிக்கட்டு நரம்பு அழுத்தம் முதலிய காரணங்களால் கைவலு குறையலாம். இது தனியொரு கருவி வகை அன்று. எடை, இயக்கும் முறை, விசையின் அமைப்பு, பாதுகாப்பு ஆகியவற்றைச் சேர்த்துப் பார்த்தே தேர்வு செய்தல் வேண்டும்.

வரலாறு

செருமனியின் ஆன்டிரியாசு இசுட்டீல் 1926 இல் மின்சாரத்தால் இயங்கும் சங்கிலி வாளை உருவாக்கினார். அதனைத் தூக்கி இயக்க இருவர் தேவைப்பட்டனர். ஒருவரே கையாளக்கூடிய பெட்ரோல் வாளை அவரது நிறுவனம் 1950 இல் வெளியிட்டது. பின்னர் இலித்தியம் அயனி மின்கலங்கள் பரவியதால், ஏறத்தாழ 1 முதல் 2 கிலோகிராம் எடையுள்ள கையடக்க வாள்களும் கிடைக்கலாயின.

இயக்கும் முறைகள்

* பெட்ரோல்: கயிற்றை விரைந்து இழுத்துப் பொறியைத் தொடக்க வேண்டும். சிறிய வாள்களுள் ஒன்றான இசுட்டீல் எம்.எசு. 170, தகடும் சங்கிலியும் இன்றியே ஏறத்தாழ 4 கிலோகிராம் எடை கொண்டது. வில்சுருள் உதவியுடன் மெதுவாக இழுத்துத் தொடக்கும் வகைகளும் உண்டு.
* மின்கம்பி: கயிறு இழுக்க வேண்டியதில்லை. எனினும் கம்பி அறுபடாமலும் காலில் சிக்காமலும் பார்த்துக்கொள்ள வேண்டும்.
* மின்கலம்: விசையை அழுத்தினால் இயங்கும், அதிர்வும் ஓசையும் குறைவு. கைவலு குறைந்தோர் பலருக்கு இதுவே பொருத்தமானது. விலைப்பட்டியல்களில் பெரும்பாலும் மின்கலம் நீங்கிய எடையே தரப்படும் என்பதைக் கவனிக்க வேண்டும்.

பின்னுதைப்பு

தகட்டு முனையின் மேற்பாதி மரத்தில் பட்டால், வாள் மேல்நோக்கி எகிறி இயக்குபவரின் முகத்தை நோக்கித் திரும்பும். இதுவே பின்னுதைப்பு ஆகும். மனிதர் உணர்ந்து கையை இறுக்குவதற்குள் இது நிகழ்ந்துவிடும். ஆகவே கைப்பிடிகளை முன்னரே இரு கைகளாலும், பெருவிரல் சுற்றிவளைத்திருக்குமாறு பற்றியிருத்தல் வேண்டும். இவ்வாறு பற்ற இயலாதவருக்கு முழு அளவு வாள், எடை எவ்வளவு குறைந்ததாயினும், ஏற்றதன்று.

ஒற்றைக் கைப்பிடி கொண்ட சிறு வாள்கள், 10 முதல் 15 செ.மீ. நீளத் தகடு உடையவை. இவற்றுட் பலவற்றில் சங்கிலித் தடை கிடையாது. அறுக்கும் கிளையை மறு கையால் பிடிப்பதே இவற்றால் நேரும் முதன்மையான இடராகும். மேற்கைப்பிடி வாள்கள் சிறியனவாகத் தோன்றினும், அவை மரமேறிப் பணிபுரியும் பயிற்சி பெற்றோருக்கானவை.

தேர்ந்தெடுத்தல்

வாங்குமுன் மின்கலத்தைப் பொருத்தி, சங்கிலிக்கு உறையிட்ட நிலையில், கீழ்க்கண்டவற்றைத் தாமே செய்து பார்ப்பது நல்லது.

* வாளை இடுப்புயரத்தில் சில நிமிடங்கள் பிடித்திருத்தல். கை நடுங்கினால் அவ்வாள் பொருந்தாது.
* மின்கலத்தைக் கழற்றிய பின், பூட்டுப் பொத்தானையும் இயக்கு விசையையும் ஒருசேர அழுத்துதல். பெருவிரல் மூட்டு வலி உள்ளோருக்குப் பக்கவாட்டுப் பொத்தான் கடினமாக இருக்கலாம். உள்ளங்கையால் அழுந்தும் பூட்டு எளிது.
* சங்கிலித் தடையை முன்தள்ளியும் பின்னிழுத்தும் பார்த்தல்.
* கருவிகள் இன்றிக் கையால் திருகிச் சங்கிலியை இறுக்க இயலுமா எனப் பார்த்தல்.

தேவைக்கு மேல் நீண்ட தகடு வேண்டாம். அது முன்பாரத்தைக் கூட்டி மணிக்கட்டை வருத்தும்.

பயன்பாடு

மழுங்கிய சங்கிலியை அழுத்தித் தள்ள வேண்டியிருக்கும். சீவல்களுக்குப் பதிலாக நுண்தூள் விழுந்தால் சங்கிலியைத் தீட்ட வேண்டும். இறுகப் பிடிக்கும்போது அதிர்வு கைக்குள் கூடுதலாகப் பாயும். நெடுநாள் அதிர்வு விரல்களை மரக்கச் செய்து பிடிவலுவை மேலும் குறைக்கும். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2002 ஆம் ஆண்டு நெறிமுறை, 8 மணி நேரப் பணிக்கான கை அதிர்வு வரம்பை 5 மீ/வி² என வரையறுத்தது; 2.5 மீ/வி² அளவிலேயே தடுப்பு நடவடிக்கை தேவை என்கிறது. ஆகவே இடையிடையே ஓய்வெடுத்தல் வேண்டும். கண்காப்பு, செவிக்காப்பு, வெட்டுத்தடுப்புக் காற்சட்டை ஆகியனவும் தேவை.

தோளுக்கு மேல் உயர்த்தியோ ஏணியில் நின்றோ அறுத்தல் கூடாது. கைவிரல் பருமனுள்ள கிளைகளுக்கு, பற்சக்கர அமைப்புடைய கவாத்துக் கத்தரியே போதும். அது கைவிசையைப் பல சிறு அழுத்தங்களாகப் பகிர்வதால், வலுக்குறைந்த கைக்கும் இயலும். பெரிய கிளைகளைப் பயிற்சி பெற்றவரிடம் ஒப்படைப்பதே பாதுகாப்பான வழியாகும்.

இவற்றையும் பார்க்க

* வாள்
* கவாத்து
* முடக்கு வாதம்
* இலித்தியம் அயனி மின்கலம்