வட்டியில்லா வங்கியை வகுத்த வகுப்பறைகள்

1976ஆம் ஆண்டு. ஜோர்தானைச் சேர்ந்த சாமி ஹமூத், கெய்ரோ பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்துக்கான ஆய்வேட்டை முடித்தார். முனைவர் பட்ட ஆய்வேடுகளில் பெரும்பாலானவை நூலக அலமாரியோடு நின்றுவிடும். இது வங்கிக் கவுண்டர் வரை போனது. அதில் அவர் வகுத்துக் கொடுத்த ஒப்பந்த வடிவம், இன்று உலகெங்கும் இஸ்லாமிய வங்கிகள் மிகப் பரவலாகக் கையாளும் முறைகளில் ஒன்று.

அவர் எடுத்துக்கொண்ட புதிர் எளிமையாகத் தோன்றும். இஸ்லாத்தில் ரிபா, அதாவது வட்டி, விலக்கப்பட்டது. வணிக லாபத்துக்கு அனுமதி உண்டு. வங்கியோ கடன் கொடுத்து வட்டி வாங்கிப் பிழைக்கும் நிறுவனம். அந்த வட்டியை எடுத்துவிட்டால், வங்கி ஊழியரின் சம்பளத்துக்குக்கூடப் பணம் எங்கிருந்து வரும்?

பழைய சட்ட நூல்களில் முராபஹா என்றொரு விற்பனை முறை உண்டு. வாங்கிய விலை இவ்வளவு, என் லாபம் இவ்வளவு என்று வெளிப்படையாகச் சொல்லி விற்பது அது. ஹமூத் அதில் ஒரே ஒரு படியை முன்னால் சேர்த்தார். வாடிக்கையாளர் தனக்கு வேண்டிய பொருளை முதலில் வங்கியிடம் சொல்லிவைப்பார். வங்கி அதை வாங்கி, லாபம் சேர்த்து, தவணையில் அவருக்கே விற்கும்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒருவருக்கு மாவரைக்கும் இயந்திரம் வேண்டும். விலை 1,00,000 ரூபாய். வங்கி அதை வாங்கி, 1,20,000 ரூபாய்க்கு அவருக்கு விற்கிறது. மாதம் 5,000 ரூபாய், 24 தவணை. “இது வட்டிதானே?” என்று கேட்கத் தோன்றுகிறதல்லவா? இந்தத் துறையில் சேரும் மாணவர்களும் முதலில் கேட்பது அதைத்தான்.

விடை, படிகளின் வரிசையில் ஒளிந்திருக்கிறது. வாங்குபவரிடம் விற்பதற்கு முன் வங்கி அந்த இயந்திரத்துக்கு உண்மையிலேயே உரிமையாளராக இருந்தாக வேண்டும். அந்த இடைவெளி ஒரு மணி நேரமாகவே இருக்கட்டும், அதற்குள் கிடங்கில் தீப்பிடித்தால் நஷ்டம் வங்கிக்கு. ஆபத்தைச் சுமந்ததால்தான் லாபத்துக்கு உரிமை வருகிறது. கையெழுத்தான பிறகு விலை உறைந்துவிடும். தவணை இரண்டு மாதம் தவறினாலும் 1,20,000 ரூபாய் 1,20,001 ஆகாது. தாமதக் கட்டணம் வாங்கும் இடங்களிலும் அது பொதுவாகத் தருமத்துக்குப் போகும், வங்கியின் வருமானத்தில் சேராது. வட்டிக் கடன் தூங்கும்போதும் வளரும். இந்தக் கடன் வளராது.

ஆனால் இந்தத் துறையின் முன்னோடிகள் கண்ட கனவு இதைவிடப் பெரியது. 1955இல் பாகிஸ்தான் பொருளியலாளர் முகமது உசைர் வட்டியில்லா வங்கிக்கான வரைவு ஒன்றை வெளியிட்டார். அதன் அடித்தளம் முழாரபா: ஒருவர் பணம் போடுவார், மற்றவர் உழைப்பைப் போடுவார், லாபத்தை முன்பே பேசிய விகிதத்தில் பிரித்துக்கொள்வார்கள். நஷ்டம் வந்தால் பணம் போட்டவர் பணத்தை இழப்பார். உழைத்தவருக்கு உழைப்பு வீண். உசைர் இதை இரண்டு அடுக்காக்கினார். சேமிப்பவர் வங்கியோடு கூட்டு, வங்கி தொழில் செய்பவரோடு கூட்டு. யாருக்கும் முன்கூட்டியே நிச்சயமான தொகை கிடையாது. எல்லாரும் ஒரே தொழிலின் ஏற்ற இறக்கத்தில் பங்காளிகள்.

அதே காலத்தில் களத்திலும் சிலர் இறங்கினார்கள். ஜெர்மனியில் படித்து, அங்குள்ள உள்ளூர்ச் சேமிப்பு வங்கிகளைக் கண்ட அகமது அல்-நஜ்ஜார், 1963இல் எகிப்தின் நைல் கழிமுகத்து ஊரான மித் கம்ரில் வட்டியில்லாச் சேமிப்பு வங்கி தொடங்கினார். நான்கே ஆண்டுகளில் அது முடிவுக்கு வந்தாலும் பின்வந்தவர்களுக்கு அதுவே பாடமானது. மலேசியாவில் பொருளியல் பேராசிரியர் உங்கு அசீஸ், ஹஜ் பயணத்துக்காகக் கிராமத்தினர் வங்கியைத் தவிர்த்து வீட்டிலேயே பணம் சேர்த்ததையும் நிலத்தையும் கால்நடையையும் விற்றதையும் கவனித்தார். 1959இல் அவர் முன்வைத்த திட்டத்திலிருந்து பிறந்ததுதான் இன்றைய தாபுங் ஹாஜி நிதியம்.

இப்படிச் சிதறிக் கிடந்த சிந்தனைகளை ஒரு பாடத்துறையாகக் கோத்தவர்களில் முதன்மையானவர் முகமது நஜாத்துல்லா சித்தீக்கி. 1931இல் கோரக்பூரில் பிறந்தவர். மதரசாவில் அரபு நூல்களையும் அலிகார் முஸ்லிம் பல்கலைக்கழகத்தில் பொருளியலையும் படித்தார். இரண்டு கல்வியும் ஒரே ஆளிடம் சேர்ந்ததுதான் அவருடைய பலம் என்று நினைக்கிறேன். அலிகாரில் கற்பித்தார், வட்டியில்லா வங்கி பற்றி உருது மொழியில் நூல் எழுதினார். 1976இல் மக்காவில் இஸ்லாமியப் பொருளியலுக்கான முதல் சர்வதேச மாநாடு கூடியது. மறு ஆண்டு ஜித்தாவின் மன்னர் அப்துல் அசீஸ் பல்கலைக்கழகத்தில் இதற்கென்றே ஆய்வு மையம் எழுந்தது. சித்தீக்கி அங்கே போய் நெடுங்காலம் பணியாற்றினார். 1982இல் மன்னர் ஃபைசல் பரிசு அவருக்குக் கிடைத்தது.

இன்று கோலாலம்பூரிலும் இங்கிலாந்தின் டர்ஹாமிலும் இதைப் படிக்கும் மாணவர், அவர் நடந்த அந்த இரட்டைப் பாதையில்தான் நடக்க வேண்டும். காலையில் பங்குகளின் மதிப்பீட்டுக் கணக்கு. மாலையில் ஃபிக்ஹ் எனப்படும் இஸ்லாமியச் சட்டவியல். இரண்டும் சந்திக்கும் இடங்கள் வியப்பூட்டுபவை. எந்த நிறுவனத்தின் பங்கை வாங்கலாம் என்று வடிகட்டும்போது, கடன் அதன் சந்தை மதிப்பில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்றொரு விதி உண்டு. ஏன் மூன்றில் ஒன்று? நோயுற்றிருந்த நபித்தோழர் ஒருவர் தம் சொத்தில் எவ்வளவைத் தருமத்துக்கு எழுதிவைக்கலாம் என்று கேட்டபோது, மூன்றில் ஒரு பங்கே அதிகம் என்று நபிகள் நாயகம் சொன்னதாக ஒரு ஹதீஸ் உண்டு. அறிஞர்கள் பலர் காட்டும் ஆதாரம் அது. படுக்கையருகே நடந்த உயில் பேச்சு, பதினான்கு நூற்றாண்டுகள் கழித்துப் பங்குச் சந்தைக் குறியீட்டுக்கு அளவுகோலானது. அந்தத் தாவல் சரியா என்று கேட்டும் ஆய்வுக் கட்டுரைகள் வருகின்றன.

ஆய்வாளர்கள் தங்கள் துறையையே தராசில் நிறுத்துவதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. 2009இல் சோங், லியூ என்ற இருவர் மலேசியத் தரவுகளை ஆராய்ந்தார்கள். அங்குள்ள இஸ்லாமிய வைப்புநிதிகளின் லாப விகிதம், சாதாரண வங்கிகளின் வட்டி விகிதத்தை ஒட்டியே நகர்வதைக் காட்டினார்கள். லாபநஷ்டக் கூட்டு என்று சொல்லத்தக்க நிதியளிப்பு மிகச் சிறிய பங்குதான். 2014இல் வெளியான இன்னோர் ஆய்வு வேறு திசையில் வியக்க வைத்தது. பாகிஸ்தானில் 1,50,000க்கும் மேற்பட்ட கடன்களைத் தொடர்ந்து கவனித்ததில், இஸ்லாமியக் கடன்கள் திரும்பாமல் போகும் விகிதம் சாதாரணக் கடன்களில் காண்பதில் பாதிக்கும் குறைவு. ரமலான் மாதத்தில் அவை திரும்பாமல் போவது இன்னும் குறைவு!

வங்கிகளில் முராபஹாவுக்குப் பிறகு தவர்ருக் என்ற முறை வந்தது. ஒருவருக்குத் தேவை பொருளன்று, ரொக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வங்கி அவருக்குப் பாமாயிலையோ உலோகத்தையோ தவணையில் விற்கும். அதை அவர் சார்பிலேயே உடனே வேறொருவருக்கு ரொக்கத்துக்கு விற்றும் கொடுக்கும். அவர் அந்தப் பொருளைக் கண்ணால்கூடப் பார்ப்பதில்லை. இதற்கென்றே மலேசியாவில் 2009இல் மின்னணுச் சந்தை ஒன்று தொடங்கியது. படிகள் எல்லாம் ஒழுங்காக இருக்கின்றன. கடைசியில் கையில் இருப்பதோ இன்று வாங்கிய சிறு தொகையும் நாளை கட்ட வேண்டிய பெருந்தொகையும்.

எழுபதைத் தாண்டிய வயதில் சித்தீக்கியே இதை எதிர்த்து எழுதினார். 2007இல் லண்டனில் நடந்த பயிலரங்கில் அவர் வைத்த வாதம் பொருளியல் சார்ந்தது: பொருள் உற்பத்தியோடு ஒட்டாமல் கடன் மட்டும் பெருகினால், வட்டியால் வரும் தீங்குகள் அத்தனையும் வேறு வாசல் வழியே வந்துவிடும். தாம் வளர்த்த துறையைப் பார்த்து இப்படிச் சொல்ல நேர்மை வேண்டும். 2009இல் சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் பேரவையும், வங்கியே ஏற்பாடு செய்யும் தவர்ருக் கூடாது என்று தீர்மானித்தது. ஆனாலும் பல நாடுகளில் அது தொடர்கிறது.

உசைரின் கூட்டுவங்கி ஏன் மலரவில்லை? பங்காளியின் கணக்கு வங்கிக்குத் தெரியாது என்பது முக்கியக் காரணம். லாபம் வந்த ஆண்டிலும் “இந்த வருஷம் ஒன்றும் மிஞ்சவில்லை” என்று கடைக்காரர் சொன்னால் எப்படிச் சரிபார்ப்பது? பேரேடுகளைப் புரட்டிப் பார்க்க ஆள் அனுப்பினால், கிடைக்கும் லாபத்தைவிட அந்தச் செலவு அதிகமாகிவிடும். ஆகவே வங்கிகள் நிச்சயமான லாபம் தரும் முராபஹாவுக்கே சாய்ந்தன. 2011இல் இலங்கையில் அமானா வங்கி செயல்படத் தொடங்கிய பிறகு, தமிழ் பேசும் வணிகர்களுக்கும் இந்தக் கேள்வி பக்கத்துத் தெருவுக்கு வந்துவிட்டது. இன்று சிறு கடைகளின் விற்பனைகூடக் கைபேசிப் பணப்பரிமாற்றம் வழியே தானாகப் பதிவாகிறது. பங்காளியின் வரவைக் குறைந்த செலவில் பார்க்கும் வழி 1955இல் உசைருக்கு இல்லை. இப்போது முனைவர் பட்டத்துக்கு வரும் மாணவருக்கு இருக்கிறது.