பெங்களூரு போயிட்டு வரலாமா?



குந்தாரப்பள்ளியில் இருந்து பெங்களூரு சுமார் 80 கிலோமீட்டர்தான். நம் வீட்டு ஆம்பிளைகள் லோடு ஏற்றிக்கொண்டும், பிள்ளைகள் வேலைக்கும் போய் வருகிறார்கள். நம்மில் பலர் பெரிய ஆஸ்பத்திரிக்கு என்றுதான் அந்த ஊரையே பார்த்திருப்போம். குழுவாகச் சுற்றுலா என்று பேச்செடுத்தால், "சும்மா சுத்திப் பாக்க எதுக்குப் பணம்?" என்று வீட்டில் கேட்பார்கள். அதற்கு முதலில் நம் கணக்கு சரியாக இருக்கணும்.

குழுச் சேமிப்பையும், உள்கடன் பணத்தையும் தொடவே கூடாது. தனியாகச் சேர்க்க வேண்டும். மாதம் 50 ரூபாய் வீதம் பத்து மாதம் போட்டால் ஆளுக்கு 500 ரூபாய். இருபது பேருக்கு 10,000 ரூபாய். இதைத் தீர்மான நோட்டில் எழுதிக் கையெழுத்து வாங்கிவிட்டால் பின்னால் சண்டை இல்லை. வர முடியாதவருக்கு அவர் பணம் முழுசாகத் திரும்பிவிடணும்.

வேன் பேசும்போது ஒரு விஷயம். அத்திப்பள்ளி தாண்டினால் கர்நாடகம். அந்த மாநில பர்மிட் இருக்கிறதா, வரி யார் கட்டுவது என்று அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே கேட்டுவிடுங்கள். வெள்ளிக்கிழமை நம் ஊர்ச் சந்தை, யாரும் நகர முடியாது. திங்கள் மீன் காட்சியகத்துக்கு விடுமுறை. ஞாயிறுதான் வசதி.

ஞாயிறு என்றால் விதான சௌதாவை உள்ளேயும் பார்க்கலாம். முன்பெல்லாம் வெளியே ரோட்டில் நின்று போட்டோ எடுப்பதோடு சரி. 2025 ஜூனில் இருந்து ஞாயிறுகளிலும், இரண்டாம், நான்காம் சனிகளிலும் வழிகாட்டியோடு அழைத்துப் போக ஏற்பாடு செய்திருக்கிறார்கள். இணையத்தில் முன்பதிவு செய்யணும், ஆதார் அட்டை கையில் இருக்கணும். 1951இல் நேரு அடிக்கல் நாட்டி, கெங்கல் அனுமந்தையா முதலமைச்சராக இருந்தபோது எழுந்த கட்டடம். 1956இல் முடிந்தது. முழுக்கக் கருங்கல். கல் வேலை தெரிந்த நம் ஊர்க்காரர்களுக்கு அதன் உழைப்பு புரியும். அரசு வேலை தெய்வ வேலை என்று முகப்பில் கன்னடத்தில் பொறித்திருக்கிறார்கள். தாலுகா ஆபீசில் காத்துக் கிடந்தவர்கள் அதைக் கொஞ்ச நேரம் நின்று படிப்பார்கள்!

அங்கிருந்து கிட்டத்தில், கப்பன் பூங்கா ஓரம், 1983இல் திறந்த அரசு மீன் காட்சியகம். மராமத்துக்கு மூடியிருக்கலாம், முந்தின நாளே விசாரியுங்கள். கலர் கலராக மீனைப் பார்த்துவிட்டு வந்துவிடாமல், தொட்டியில் ஏன் குமிழி வருகிறது என்றும் கவனிக்க வேண்டும். மீன் செவுளால் தண்ணீரில் கரைந்திருக்கும் காற்றை எடுத்துத்தான் மூச்சு விடுகிறது. ஓடாத தண்ணீரில் அது சீக்கிரம் குறைந்துவிடும். அதனால் மோட்டார் வைத்துக் காற்றை விடுகிறார்கள். மீனின் கழிவும் மிச்சத் தீனியும் சேர்ந்தால் தண்ணீர் விஷமாகும். அதை வடிகட்டிக்கொண்டே இருக்கணும். ஒரு நாள் விட்டாலும் ஆபத்துதான்.

இது தொட்டியோடு நிற்கிற விஷயம் இல்லை. நம் கிருஷ்ணகிரி அணைக்கு வரும் தென்பெண்ணை, நந்தி மலையில் பிறந்து பெங்களூருக்குக் கிழக்கே ஓடி வருகிறது. நகரத்துக் கழிவுநீர் அதில் கலக்கிறது. ஓசூர் கெலவரப்பள்ளி அணையில் வெள்ளை நுரை பொங்கியதை நாமே பார்த்திருக்கிறோம். சோப்பும் ரசாயனமும் கலந்த தண்ணீர் மதகில் விழுந்து அடிபடுவதால் வரும் நுரை அது. அங்கே கண்ணாடிக்குள் இருக்கும் மீனுக்கு வடிகட்டி உண்டு. நம் அணை மீனுக்கு யார் வைப்பது? கிராம சபையில் கேட்க வேண்டிய கேள்வி.

சாயங்காலம் லால்பாக். 1760இல் ஹைதர் அலி தொடங்கி, திப்பு சுல்தான் வளர்த்த தோட்டம், 240 ஏக்கர். கண்ணாடி மாளிகையில் ஜனவரி 26, ஆகஸ்ட் 15 ஒட்டி மலர்க் கண்காட்சி நடக்கும், கூட்டம் தாங்காது. மாந்தோப்பு உள்ள தோழிகள் மாம்பழ மேளா நடக்கும் கோடையில் போவது நல்லது. அங்கே விவசாயிகளே கடை போட்டு விற்கிறார்கள். எப்படித் தரம் பிரிக்கிறார்கள், எந்தப் பெட்டியில் அடுக்குகிறார்கள், கிலோ என்ன விலை என்று கேட்டு நோட்டில் குறித்துக்கொண்டு வாருங்கள். நம் மண்டி விலையோடு அடுத்த கூட்டத்தில் ஒப்பிட்டுப் பார்ப்போம். செலவுக் கணக்கையும் அதே கூட்டத்தில் படித்துவிடணும்.