கைப்பேசியில் கூடிப் பேசுதல்

1956-ஆம் ஆண்டில் புனே வானொலி நிலையத்தார் யுனெஸ்கோ ஸ்தாபனத்தின் துணையுடன் ஒரு சோதனை நடத்தினர். ஏறத்தாழ 150 கிராமங்களில் வானொலி மன்றங்கள் நிறுவப்பெற்றன. ஒவ்வொரு மன்றத்திலும் இருபது பேர் அளவில் ஒரு வானொலிப் பெட்டியைச் சுற்றி அமர்ந்து விவசாய நிகழ்ச்சிகளைக் கேட்பர். கேட்டதைப் பற்றித் தம்முள் விவாதிப்பர். ஐயமிருப்பின் கடிதம் எழுதி நிலையத்திற்கு அனுப்புவர். 'கேட்பீர், கலந்து பேசுவீர், செயலாற்றுவீர்' என்பதே அம்மன்றங்களின் கொள்கையாய் இருந்தது.

அந்நாளில் பேசுவோர் ஓரிடத்தில் இருந்தனர்; கேட்போர் பல ஊர்களில் இருந்தனர். கேட்டவர் மறுமொழி கூற வேண்டுமாயின் தபாலையே நம்பியிருக்க வேண்டும். இன்றோ ஐந்தாறு குக்கிராமங்களில் உள்ளவர்கள் தத்தம் வீட்டுத் திண்ணையிலும் களத்து மேட்டிலும் இருந்தவாறே ஒரே வேளையில் கேட்கவும் மறுமொழி கூறவும் இயலும். அதற்கான சாதனம் நம்மில் பெரும்பாலோர் சட்டைப் பையிலேயே இருக்கிறது. ஆயினும் ஒருவரோடு ஒருவர் பேசுவதற்கு மட்டுமே கைப்பேசியைப் பயன்படுத்தி வருவோர் பலர். பலர் கூடிப் பேசும் முறையையும், அதில் கைக்கொள்ள வேண்டிய ஒழுங்கையும், தவிர்க்க வேண்டிய ஆபத்தையும் இக்கட்டுரையில் கூறுவோம்.

இதனால் விளையும் நன்மை யாது?

ஓர் ஏரியை எடுத்துக்கொள்வோம். அதற்கு மூன்று மதகுகள். ஆயக்கட்டு நான்கு சிற்றூர்களில் பரந்து கிடக்கிறது. பருவத்தின் கடைசியில் நீர் குறைந்துவிட்டது. கதிர் முற்றும் வரை நீர் போதுமானதாய் இருக்க வேண்டுமாயின் முறை வைத்துத்தான் விட வேண்டும். பாசன சங்கத் தலைவர் அங்கத்தினர் ஐவரையும் ஒருவர் பின் ஒருவராகத் தொலைபேசியில் அழைத்து முறையைச் சொல்கிறார். முதல் மூவரிடம் சொல்லிய பின், நான்காமவர் ஒரு தடை எழுப்புகிறார். அது நியாயமாகவே இருக்கிறது. ஆகவே முறை மாற்றப்படுகிறது. மாற்றத்தைத் தெரிவிக்க முதல் மூவரையும் திரும்ப அழைத்தல் வேண்டும். அவர்களுள் ஒருவர் அப்போது கிடைக்கவில்லை. மறுநாள் காலை தலைமடைக்காரர் பழைய முறைப்படி மதகைத் திறக்கிறார். கடைமடைக்காரர் புதிய முறைப்படி வாய்க்காலில் காத்து நிற்கிறார். சண்டைக்கு வேறு காரணம் வேண்டுமா?

இதில் எவரிடத்தும் குற்றமில்லை. ஒரே செய்தி ஐவர் காதில் ஐந்து விதமாக, ஐந்து வேளைகளில் விழுந்தது என்பதே குறை. ஐவரும் ஒரே அழைப்பில் இருந்திருப்பின், நான்காமவரின் தடையை மற்றவர்கள் அவர் வாயாலேயே கேட்டிருப்பர். முடிவையும் ஒரே சொல்லாகக் கேட்டிருப்பர். நேரம் மிச்சமாவது சிறு நன்மையே. அனைவரும் ஒரே சொல்லைக் கேட்பதுதான் பெரு நன்மை. நீர்ப் பங்கீடு, அறுவடை இயந்திரத்தை வரவழைக்கும் வரிசை, விளைபொருளை ஒன்றாகச் சந்தைக்கு ஏற்றிச் செல்லல், மழைக்காலத்தில் கரைக் காவல் ஆகிய காரியங்களில் இந்நன்மையைக் கண்கூடாகக் காணலாம்.

சாதாரண அழைப்பில் பலரை இணைத்தல்

இம்முறைக்கு இணையத் தொடர்பு தேவையில்லை. முதலில் ஒருவரை வழக்கம்போல் அழைக்க வேண்டும். அவர் எடுத்தவுடன், மற்றொருவரையும் இணைக்கப் போவதாகச் சொல்லி, திரையில் கூட்டல் குறியுடன் காணப்படும் 'ஆட் கால்' என்னும் இடத்தைத் தொட வேண்டும். பின்னர் இரண்டாமவரின் எண்ணை அழைக்க வேண்டும். அவ்வேளையில் முதலாமவரின் அழைப்பு துண்டிக்கப்படுவதில்லை, நிறுத்தி வைக்கப்படுகிறது. இதை அறியாத சிலர் ஓசை நின்றதும் தொடர்பு அறுந்ததென எண்ணித் தொலைபேசியை வைத்துவிடுகின்றனர். ஆகையால் காத்திருக்கும்படி முன்னரே சொல்லி வைத்தல் நலம்.

இரண்டாமவர் எடுத்ததும் 'மெர்ஜ்' என்னும் இடத்தைத் தொட்டால் மூவரும் ஒன்றாகப் பேசலாம். நான்காமவரையும் ஐந்தாமவரையும் இவ்வாறே சேர்க்கலாம். பெரும்பாலான இணைப்புகளில், அழைப்பவர் நீங்கலாக ஐந்து பேர் வரை சேர்க்க இயலும். 'மெர்ஜ்' என்பது திரையில் தோன்றாவிடின், அவ்வசதி நமது இணைப்பில் உண்டா என்று தொலைபேசி நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவையில் கேட்டறிதல் வேண்டும்.

குரல்களை ஒன்றுசேர்க்கும் வேலை நமது கருவியில் நடைபெறுவதன்று. தொலைபேசி நிறுவனத்தின் இணைப்பகத்தில் நடைபெறுவது. எனவே அழைக்கப்படுவோரிடம் ஸ்மார்ட்போன் இருக்க வேண்டிய அவசியமில்லை. பழைய பொத்தான் கைப்பேசி வைத்திருக்கும் முதியவரும் தடையின்றிக் கலந்துகொள்ளலாம். இது இம்முறையின் தனிச் சிறப்பாகும்.

இரண்டு செய்திகளை நினைவில் வைத்தல் வேண்டும். அழைப்பவர் சேர்க்கும் ஒவ்வோர் எண்ணும் அவர் கணக்கில் தனி அழைப்பாகும். ஆகவே அவரது கட்டணத் திட்டம் எத்தகையது என்பதைப் பார்த்துக்கொள்ள வேண்டும். மேலும், அழைத்தவர் வைத்துவிட்டால் பொதுவாக அனைவருடைய தொடர்பும் முடிந்துவிடும். ஆதலால் மின்னேற்றம் நிறைந்த கைப்பேசியும், அலைவரிசை நன்கு கிடைக்கும் இடமும் உடையவரே அழைப்பவராய் இருத்தல் தக்கது.

இணையத்தின் வழியே இணைத்தல்

ஐவருக்கு மேற்பட்டோர் பேச வேண்டுமாயின் வாட்ஸ்அப் போன்ற செயலிகள் உதவும். வாட்ஸ்அப்பில் 2018-ல் நால்வர் மட்டுமே கூடிப் பேச முடிந்தது; 2020-ல் அது எட்டுப் பேர் ஆயிற்று; 2022-ல் 32 பேராக உயர்ந்தது. குழுவைத் திறந்து, மேற்புறத்தில் உள்ள தொலைபேசிக் குறியைத் தொட்டு அழைப்பைத் தொடங்கலாம். பிந்தி வருவோரும் நடந்துகொண்டிருக்கும் பேச்சில் சேரலாம். தொடங்கியவர் விலகினாலும் மற்றவர்கள் பேச்சைத் தொடரலாம்.

ஆனால் இதற்கு ஒவ்வொருவரிடமும் ஸ்மார்ட்போனும் இணையத் தொடர்பும் இருத்தல் வேண்டும். அலைவரிசை மெலிந்த ஊர்களில் முகம் பார்க்கும் அழைப்பை விடுத்துக் குரல் அழைப்பையே மேற்கொள்க. படத்தை அனுப்புவதற்குச் செலவாகும் இணைய அளவில் மிகச் சிறு பகுதியே குரலுக்குப் போதும். பேச்சும் இடையில் அறுபடாது.

ஐயம் தீர்க்க ஒரு வழி

விவசாயிகளின் ஐயங்களைத் தீர்க்க 2004-ஆம் ஆண்டில் மத்திய அரசு கிசான் கால் சென்டர் என்னும் சேவையைத் தொடங்கிற்று. 1800-180-1551 என்னும் கட்டணமில்லா எண்ணில் காலை 6 மணி முதல் இரவு 10 மணி வரை தமிழிலேயே கேட்கலாம். பக்கத்துப் பக்கத்து வயல்களில் ஒரே பூச்சி காணப்படுமாயின், ஒருவர் மட்டும் கேட்டு வந்து மற்றவர்க்குச் சொல்வதில் மருந்தின் பெயரோ அளவோ மாறிப்போதல் கூடும். அயலார் இருவரை முதலில் அழைத்துக்கொண்டு, பின்னர் இவ்வெண்ணையும் இணைத்துக் கேட்டால் மூவரும் ஒரே அறிவுரையைப் பெறுவர். வேறு இருவரும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்பதை விடை கூறும் அலுவலரிடம் முன்னதாகச் சொல்லிவிடுதல் பண்பாகும்.

பேசும் ஒழுங்கு

நேரில் கூடும்போது ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிறோம். ஒருவர் பேச வாயெடுத்தால் மற்றவர் நிறுத்துகிறோம். தொலைபேசியில் இவ்வசதி இல்லை. எனவே சில விதிகளை வகுத்துக்கொள்ளாவிடில் கூட்டுப் பேச்சு சந்தை இரைச்சலாகவே முடியும். கீழ்க்கண்டவை அனுபவத்தில் பயன் தரத்தக்கவை:

1. நாளும் நேரமும் முதல் நாளே தெரிவிக்கப்பட வேண்டும். நடவு, களையெடுப்பு, பால் கறவை ஆகிய வேளைகளைத் தவிர்க்க வேண்டும்.

2. பேச வேண்டிய பொருள்கள் மூன்றுக்கு மேற்படலாகாது.

3. ஒருவர் தலைமை வகிக்க வேண்டும். தொடக்கத்தில் பெயர் சொல்லி அழைத்து, யார் யார் வந்துள்ளனர் என்பதை அனைவரும் அறியச் செய்ய வேண்டும்.

4. பேசுவோர் ஒவ்வொரு முறையும் தம் பெயரைச் சொல்லித் தொடங்க வேண்டும்.

5. பேசாதிருப்போர் தம் கருவியின் ஒலிவாங்கியை 'மியூட்' செய்து வைத்தல் நலம். ஒருவர் வீட்டுப் பம்பு செட்டின் ஓசை அனைவருடைய காதையும் அடைத்துவிடும்.

6. ஒரே அறையில் இருவர் தனித்தனிக் கைப்பேசியில் ஒலிபெருக்கியை வைத்துப் பேசலாகாது. எதிரொலி கிளம்பும்.

7. இறுதியில் தலைவர் முடிவுகளை ஒவ்வொன்றாகப் படித்து, ஒவ்வொருவரிடமும் சம்மதம் கேட்க வேண்டும். அதை அன்றே குறிப்பேட்டில் எழுதி, வராதவர்க்கும் தெரிவிக்க வேண்டும்.

பேச்சைப் பதிவு செய்ய விரும்புவோர் அனைவருடைய இசைவையும் பெற்ற பின்னரே செய்தல் வேண்டும்.

எவரும் விடுபடலாகாது

பஞ்சாயத்துப் பதவிகளில் பெண்களுக்கு 50 சதவீத இடஒதுக்கீடு அளிக்கும் சட்டம் தமிழ்நாட்டில் 2016-ல் நிறைவேறியது. ஆயினும் பல இடங்களில் பெண் அங்கத்தினர் என்று நமது பட்டியலில் எழுதியிருக்கும் எண், அவர் கணவருடையதாகவோ மகனுடையதாகவோ இருக்கிறது. அவ்வெண்ணை அழைத்தால் குரல் யாருடையதாக இருக்கும்? பதவி ஒருவரிடமும் பேச்சு மற்றொருவரிடமுமாகப் பிரிந்துவிடும். நேர்க் கூட்டத்திலாவது நாற்காலியில் அமர்ந்திருப்பவர் யார் என்பதை ஊர் பார்க்கும். தொலைபேசியில் அதுவும் இல்லை. ஆகவே அங்கத்தினரின் சொந்த எண்ணையே கேட்டு எழுதிக்கொள்ளுதல் வேண்டும். சொந்தக் கைப்பேசி இல்லாதவராயின், அந்த நேரத்தில் வீட்டுக் கைப்பேசி அவர் கையில் இருக்குமாறு ஏற்பாடு செய்தல் வேண்டும். தலைவர் பெயர் சொல்லி அழைக்கும்போது அவரே மறுமொழி கூறும்வரை காத்திருத்தல் முறையாகும். ஸ்மார்ட்போன் இல்லாத ஒருவர் இருப்பினும், அன்றைய கூட்டம் சாதாரண அழைப்பின் வழியாகவே நடைபெறட்டும்.

எச்சரிக்கை

இணைக்கும் வசதியையே கருவியாக்கித் திருடுவோரும் கிளம்பியிருக்கின்றனர். இது குறித்து 2025 பிப்ரவரியில் யு.பி.ஐ. அமைப்பு பொதுமக்களை எச்சரித்தது. அறியாத ஒருவர் அழைத்து, நம் நண்பரிடமிருந்து எண்ணைப் பெற்றதாகக் கூறுகிறார். அந்நண்பரே வேறோர் எண்ணிலிருந்து இப்போது அழைப்பதாகவும், அவ்வழைப்பை இணைக்கும்படியும் கேட்கிறார். நாம் இணைக்கிறோம். ஆனால் வந்த அழைப்பு நண்பருடையதன்று. நமது கணக்கிற்குரிய ஒருமுறைக் கடவு எண்ணை வாயால் சொல்லும் வங்கியின் தானியங்கி அழைப்பு. அது சொல்வதைத் திருடனும் கேட்டுவிடுகிறான். கணப்பொழுதில் பணம் போய்விடுகிறது.

இதற்குக் காப்பு எளிது. நாமே எண்ணை அழுத்தி அழைத்தவரை மட்டுமே இணைக்க வேண்டும். பிறர் சொல்லி, வரும் அழைப்பை ஒருபோதும் இணைக்கலாகாது. ஏமாற்றப்பட்டதாக உணர்ந்தால் ஒரு நிமிடமும் தாழ்த்தாது 1930 என்னும் எண்ணில் முறையிட வேண்டும். தாமதமின்றி முறையிட்டால் பணம் கைமாறாமல் தடுக்க வாய்ப்புண்டு.

சபைக்கு மாற்று ஆகுமா?

ஆகாது. கிராம சபை என்பது ஊர் மக்கள் நேரில் கூடி, வரவு செலவைக் கேட்டு, தீர்மானம் நிறைவேற்றும் சபை. தமிழ்நாட்டில் ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களில் நடைபெற்று வந்த சபை, 2022 முதல் மார்ச் 22, நவம்பர் 1 ஆகிய நாட்களிலும் கூடுமென அறிவிக்கப்பட்டது. அங்கே எவரும் அழையாமலே வரலாம். எவரும் எழுந்து கேள்வி கேட்கலாம். தொலைபேசிக் கூட்டத்திலோ அழைக்கப்பட்டவர் மட்டுமே இருப்பர். ஐந்து பேர் தொலைபேசியில் பேசி முடித்த காரியத்தைச் சபையில் பெயரளவுக்குப் படித்துவிடும் பழக்கம் வேரூன்றுமாயின், சௌகரியம் என்று நாம் கொண்டுவந்ததே மக்களாட்சிக்குக் கேடாக முடியும். தொலைபேசியில் பேசுவது ஆயத்தம் செய்வதற்கும் அவசர காரியத்திற்கும் மட்டுமே உரியது. முடிவு சபைக்கும் மன்றத்திற்கும் உரியது.

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்குகிறது. அதற்கு முன்னரே ஒவ்வோர் ஊரிலும் ஏரிக் கரைக்கும் தாழ்வான தெருக்களுக்கும் பொறுப்பானவர் ஐவரின் எண்களைக் குறித்து வைத்து, ஒரு மாலை வேளையில் கூட்டு அழைப்பை ஒத்திகை பார்த்துக்கொள்ள வேண்டும். மாவட்டப் பேரிடர்க் கட்டுப்பாட்டு அறையின் எண் 1077, மாநில அறையின் எண் 1070 ஆகிய இரண்டையும் அப்பட்டியலின் தலைப்பில் எழுதி வைத்தல் வேண்டும். கரை கசியும் நள்ளிரவில் 'மெர்ஜ்' எங்கே இருக்கிறது என்று தேடிக்கொண்டிருக்க முடியாது. பஞ்சாயத்து அங்கத்தினர்களும் விவசாயப் பெருமக்களும் இவ்வாரத்திலேயே இதனைப் பழகிக்கொள்வார்களாக.