ஆங்கிலப் படிவத்தில் 'டு'வா, 'இங்'கா?

ஹெவ்லொக் டவுனிலோ வெள்ளவத்தையிலோ வாடகை அறையில் இருந்துவிட்டு ஊர் திரும்பும் உங்களிடம், உதவி நிறுவனங்கள் சில படிவங்களை ஆங்கிலத்தில் நிரப்பித் தருமாறு கேட்கக்கூடும். ஆங்கிலத்தில் ஒரு வினையை அடுத்து இன்னொரு வினை வந்தால், பெரும்பாலும் இரண்டாவது வினைக்கு முன்னால் 'டு' வரும் அல்லது அதன் கடைசியில் 'இங்' வரும். இதை மாற்றி எழுதினால் பல இடங்களில் அது வெறும் இலக்கணப் பிழைதான். சில இடங்களில் நீங்கள் சொல்ல வந்த விடயமே மாறிவிடும்.

1. 'டு' வரும் வினைகள்

வோண்ட் (விரும்பு), ஹோப் (நம்பியிரு), பிளான் (திட்டமிடு), டிசைட் (தீர்மானி), அக்ரீ (சம்மதி) முதலியவை. இவை பெரும்பாலும் இனிமேல் நடக்கவேண்டியதைச் சொல்லும்.
"வி வோண்ட் டு ரிட்டேர்ன்" – நாங்கள் திரும்ப விரும்புகிறோம்.
"வி பிளான் டு ரிப்பெயார் த வெல்" – கிணற்றைத் திருத்தத் திட்டமிட்டுள்ளோம்.
தமிழில் இங்கே 'திரும்ப', 'திருத்த' என்று வருவதைக் கவனியுங்கள்.

2. 'இங்' வரும் வினைகள்

பினிஷ் (முடி), அவொயிட் (தவிர்), கீப் (தொடர்ந்து செய்), என்ஜோய் (விரும்பிச் செய்) முதலியவை.
"வி பினிஷ்ட் பில்டிங் த டொய்லட்" – மலசலகூடத்தைக் கட்டி முடித்துவிட்டோம்.
இங்கே 'டு பில்ட்' என்று எழுதுவது பிழை.

3. இரண்டும் வரும், ஆனால் பொருள் மாறும்

ஸ்டொப்: "ஐ ஸ்டொப்ட் பிஷிங் இன் 1990" என்றால், 1990இல் மீன்பிடிப்பதை நிறுத்திவிட்டேன். "ஐ ஸ்டொப்ட் டு பிஷ்" என்றால், மீன்பிடிப்பதற்காக வேறு வேலையை நிறுத்தினேன். தொழிலை இழந்தவர் வாழ்வாதார உதவிப் படிவத்தில் இரண்டாவதை எழுதினால், அவர் தொழில் தொடங்கியதாகவே வாசிப்பவர் எண்ணுவார்.

ரிமெம்பர்: "ஐ டோன்ட் ரிமெம்பர் சைனிங்" என்றால், கையெழுத்திட்டதாக எனக்கு ஞாபகம் இல்லை. "ஐ டிடின்ட் ரிமெம்பர் டு சைன்" என்றால், கையெழுத்திட மறந்துவிட்டேன், அதாவது கையெழுத்து இல்லை. காணி விடயத்தில் இவை இரண்டும் வெவ்வேறு வாக்குமூலங்கள்.

பர்கெட் என்ற வினையும் இப்படித்தான். தமிழிலும் 'கையெழுத்திட மறந்தேன்' வேறு, 'கையெழுத்திட்டதை மறந்தேன்' வேறு. சந்தேகம் வந்தால் முதலில் தமிழில் சொல்லிப் பாருங்கள். 'செய்தது' நடந்து முடிந்ததென்றால் 'இங்', 'செய்ய' வேண்டியதென்றால் 'டு'. ரிமெம்பர், பர்கெட் இரண்டுக்கும் இந்த வழி பொருந்தும்.

4. முன்னைய முகவரி

"வி யூஸ்ட் டு லிவ் இன் ஹெவ்லொக் டவுன்" – முன்பு ஹெவ்லொக் டவுனில் வசித்தோம், இப்போது அங்கே இல்லை. இன்னும் அங்கேயே இருக்கும் குடும்பம் இப்படி எழுதக்கூடாது.

கையெழுத்திடுமுன்

அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் 1987இல் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. ஆங்கிலம் இணைப்பு மொழி மட்டுமே. ஆகவே அரச அலுவலகத்தில் தமிழ்ப் படிவம் கேட்கத் தயங்காதீர்கள். உதவி நிறுவனத்தின் ஆங்கிலப் படிவமென்றால், நீங்கள் எழுதியதைத் தமிழில் திருப்பிச் சொல்லுமாறு அலுவலரிடம் கேளுங்கள். அது நீங்கள் சொன்னதுதான் என்று உறுதியான பின்னரே கையெழுத்திடுங்கள். ஒரு பிரதியை உங்களிடம் வைத்திருங்கள்.